தண்ணீர் குடித்துவிட்டு ஏறலாம்

பனையக்கோட்டகம்,
நீடாமங்கலம் வழி.
11 செப்டம்பர் 2024

ஆனந்தவல்லி கோச் பில்டர்ஸ் உரிமையாளர் திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். நான் எழில்மொழி. ஆவணி முதல் முகூர்த்தத்தில் உங்கள் பட்டறையில் தேங்காய் உடைத்து வெள்ளைக் கேரவனை எடுத்துச் சென்றவள். போனில் கூப்பிடும்போதெல்லாம் "பார்த்துக்கலாம்மா, புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறீர்கள். பேச்சு காற்றோடு போய்விடும். அதனால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். பதிலையும் எழுத்திலேயே தாருங்கள்.

இந்த வண்டி எதற்கு என்று ஆர்டர் கொடுத்த அன்றே சொன்னேன். நீங்கள் அப்போது யாரோடோ போனில் இருந்தீர்கள், காதில் விழுந்ததோ என்னவோ. மறுபடியும் சொல்கிறேன். என் அம்மா காத்தாயி காலமெல்லாம் நடவு நட்டவர். எங்கள் தெருப் பெண்கள் பயணம் என்றால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் ஏது? ஆண்கள் எந்தப் புளியமரத்தடியிலும் நின்றுகொள்வார்கள். அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட "தலைவலி" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நான் உழைத்த உழைப்பெல்லாம் இந்த வண்டியாகத்தான் நிற்கிறது. கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, கக்கூஸ் உண்டு. அம்மாவைப் போன்றவர்களைக் கோயில் குளத்துக்கு அழைத்துப் போவதே என் பிழைப்பாக இருக்கட்டும் என்று ஊர் திரும்பினேன்.

போன வாரம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். தம்பி புகழேந்தி ஓட்டினான். அம்மா வழக்கம்போல் காய்ந்த தொண்டையோடு ஏறினார். "இந்தா, கைக்கெட்டுற தூரத்துல ரூம் இருக்கு, குடிம்மா" என்று வற்புறுத்தி ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வைத்தேன். கீழ்வேளூர் தாண்டிச் சாலையோரம் நிறுத்தினோம். அம்மா உள்ளே போனார். ஊற்றிய தண்ணீர் கீழே போகவில்லை. போனதும் சேர்ந்து திரும்பி வந்தது. தாழ்ப்பாள் வேறு இறுகிக்கொண்டது. உள்ளே அம்மா கத்துகிறார், வெளியே நான் கத்துகிறேன். கடைசியில் புகழேந்தி கதவை நெம்பித் திறந்தான். நனைந்த புடவையோடு பெற்ற பிள்ளை எதிரில் நின்ற அம்மாவின் முகத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. "நான்தான் சொன்னேன்ல. நமக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை?" என்றார். மாதா கோயிலைப் பார்க்காமலே திரும்பினோம். திரும்பும்போது மழை. கூரை ஒழுகிக் கட்டில் நனைந்தது.

அன்றிலிருந்து அம்மா வண்டிப் பக்கமே வருவதில்லை. வடிகால், தாழ்ப்பாள், கூரை மூன்றையும் சரிசெய்து தர வேண்டும்.

எழில்மொழி


தஞ்சாவூர்,
18.9.2024

அன்புள்ள தங்கச்சி எழில்மொழிக்கு அண்ணன் அமிர்தலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டில் ஆனந்தவல்லியும் பட்டறை ஆட்களும் சௌக்கியம். அங்கு அம்மா, தம்பி எல்லோரும் சௌக்கியமாக இருக்க பெரிய கோயிலானை வேண்டுகிறேன்.

கடுதாசி எழுதி எவ்வளவு காலமாயிற்று! பட்டறை முழுக்கத் தேடியும் ஒரு பேனா அகப்படவில்லை. கடைசியில் ஆனந்தவல்லியின் கோலப் பெட்டியிலிருந்து எடுத்து எழுதுகிறேன். சிவப்பு மையில் இருக்கிறதே என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கச்சி, நான் பஸ் கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன். இந்தப் பக்கம் ஓடுகிற தனியார் பஸ்களில் பாதிக்கு மேல் என் கை பட்டது. எல்லாமே என் வீட்டுக்காரி பெயரில் பட்டறை வைத்த பிறகு கட்டியது. ராசியான பெயர். கேரவன் எனக்கு முதல் வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சக்கரத்துக்கு மேலே வருவது எல்லாம் ஒரே சங்கதிதான். புதிதாக வாங்கின மாடுகூடத் தொழுவத்துக்குப் பழக நாலு நாள் ஆகும். அதற்குள் மாடு சரியில்லை என்று சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

தண்ணீர் திரும்பி வருகிறது என்றால் வண்டி மட்டமான இடத்தில் நிற்கவில்லை என்று பொருள். இங்கே சிமெண்டுத் தரையில் நிறுத்தி வாளி வாளியாக ஊற்றிப் பார்த்துத்தான் கொடுத்தோம். சுவடு தெரியாமல் போயிற்று. மட்டமான இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். இருந்தாலும் உங்கள் மனசு குறைப்பட வேண்டாம், வண்டியை அனுப்புங்கள். தண்ணீர் சரிந்து ஓட இன்னும் கொஞ்சம் வாட்டம் கொடுத்து விடுகிறோம். கூரைக்குப் பசை பூசினால் தீர்ந்தது. தாழ்ப்பாள் எண்ணெய் கேட்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அண்ணன் அமிர்தலிங்கம்


பனையக்கோட்டகம்,
7 அக்டோபர் 2024

திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

முதலில் ஒன்று. என்னைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம். வாடிக்கையாளர் என்று எழுதுங்கள். தங்கச்சி என்றால் உரிமையோடு ஏமாற்றலாம் என்று ஆகிவிடுகிறது.

வண்டி உங்கள் பட்டறைக்கு இரண்டு தரம் வந்து போய்விட்டது. வாட்டம் கொடுக்கிறேன் என்று கக்கூஸ் பீடத்தையே ஒரு முழம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார ஏணி வேண்டும். ஏறி உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கிறது. முட்டி வலிக்காரருக்காக வாங்கிய வண்டி ஐயா இது!

மட்டமான இடத்தில் நிறுத்தச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் மட்டமாக இருப்பது வயல் ஒன்றுதான். அதில் தண்ணீர் நிற்கிறது. மற்றதெல்லாம் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, கரைமேல் போட்ட ரோடு. எந்த வண்டியும் சாலையில் இடப்பக்கம்தான் ஒதுங்கும். ஒதுங்கினால் இடப்பக்கம் சாயும். கக்கூஸ் இடப்பக்கம் இருக்கிறது, உங்கள் கழிவுத் தொட்டி வலப்பக்கம் இருக்கிறது. தண்ணீர் மேடேறிப் போகுமா?

கூரை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தரமும் பசை பூசியும் அதே கட்டில், அதே இடம். நேற்று மழை விட்டதும் நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வண்டி கொடுத்த அன்று திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட, கூரையின் முன்பக்கம் ஒரு கொக்கி முடுக்கினீர்கள், நினைவிருக்கிறதா? தகட்டைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. சுற்றிலும் உங்கள் ஆட்கள் வாய்க்கால் வெட்டியது போலப் பசை பூசியிருக்கிறார்கள். கொக்கியை மட்டும் யாரும் தொடவில்லை. கேட்டால், "அது சாமி சமாச்சாரம் தம்பி, நாங்க கை வைக்க மாட்டோம்" என்று புகழேந்தியிடம் உங்கள் ஆள் ஒருவர் சொன்னாராம். ஊர்க்கண் படாமல் இருக்க வைத்த கொக்கியால் என் கட்டில் நனைகிறது. கழற்றச் சொல்லுங்கள்.

தை மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கும் மாலதி என்பவர் வண்டி கேட்டிருக்கிறார். முதல் சவாரி. அவருடைய மாமியார் நடக்க முடியாதவர். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னை வாக்குத் தவறியவளாக ஆக்காதீர்கள்.

எழில்மொழி


தஞ்சாவூர்,
16.10.2024

வாடிக்கையாளர் எழில்மொழி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். எழுதச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

தொட்டி ஏன் வலப்பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் இடப்பக்கம் படியும் கதவும் வரும். தொட்டி, பேட்டரி எல்லாம் வலப்பக்கம்தான் வைப்போம். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு வண்டிக்காகச் சம்பிரதாயத்தை மாற்ற முடியாது.

கொக்கி பற்றி எழுதியது மனசுக்குச் சங்கடமாக இருந்தது. எமகண்டம் கழிந்து நல்ல நேரம் பார்த்து என் கையால் முடுக்கியது. அதைக் கழற்றினால் வண்டிக்கும் ஆகாது, ஓட்டுகிறவனுக்கும் ஆகாது. நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் பழி என் தலையில்தான் விழும். அதிலிருந்து ஒழுக வாய்ப்பே இல்லை. நீங்கள் பெட்டி படுக்கையை மேலே ஏற்றி எங்காவது தகட்டை அமுக்கியிருப்பீர்கள்.

தப்பாக நினைக்க வேண்டாம், மனசில் பட்டதைச் சொல்கிறேன். இது உயர்ந்த சரக்கு. பக்குவமாகப் புழங்க வேண்டும். உங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி வண்டி பழக்கமில்லை. கக்கூஸில் குளத்தங்கரை மாதிரி வாரி ஊற்றினால் எந்தத் தொட்டிதான் தாங்கும்? சரிப்படாது என்று தோன்றினால் சொல்லுங்கள், சினிமா கம்பெனிக்காரர் ஒருவர் கேட்கிறார். நல்லபடியாகக் கைமாற்றித் தருகிறேன்.

அமிர்தலிங்கம்


பனையக்கோட்டகம்,
4 நவம்பர் 2024

திரு. அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

"உங்கள் ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரமாக அந்த வார்த்தையை மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்க முடியவில்லை. என் ஆட்கள் யார் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அவர்கள் எதற்குப் பழக்கப்பட்டவர்கள், எதற்குப் பழக்கமில்லாதவர்கள் என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பானையில் கொதிக்கும் அரிசி அவர்கள் குனிந்து நட்டது. அவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்ட அறையில் ஒழுங்காக ஒதுங்கத் தெரியாது என்கிறீர்கள்.

அம்மாவுக்கு உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. புகழேந்தி காட்டிவிட்டான். அம்மா அப்படியே எழுந்தார். பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போனார். சாயங்காலம் எங்கள் வாசலில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

வண்டியை விற்கமாட்டேன். என் ஆட்களைப் பற்றி எழுதினீர்கள் அல்லவா, அவர்களையே அழைத்துக்கொண்டு வருகிறேன். சம்பா நடவு முடிந்துவிட்டது, எல்லோருக்கும் கை ஓய்ந்திருக்கிறது. வீடு என்று சொல்லித்தானே விற்றீர்கள், அதில் குடியிருக்க வருகிறோம். அடுத்த திங்கட்கிழமை உங்கள் பட்டறை வாசலில் பால் காய்ச்சுகிறோம். சட்டப்படி நிறுத்துவோம், சாலையோரம், இடப்பக்கம். உங்கள் வாசலிலும் ரோடு சாய்வுதான். பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இதில் ஏறமாட்டேன் என்று சபதம் போட்ட அம்மாவும் வருகிறார். வண்டிக்குள் இல்லை, பின்னாலேயே டவுன் பஸ்ஸில் வருவாராம். தண்ணீர் குடிக்காமல்தான்.

எழில்மொழி


பட்டறை,
12.11.2024

எழில்மொழி அம்மாவுக்கு,

வாட்ச்மேன் ஹமீது பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசலுக்கும் ஆபீசுக்கும் நாலு எட்டுத்தான். நேரில் வந்து பேசலாம் என்று எழுந்தேன். உங்கள் பெண்கள் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா, தயவுசெய்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். நேற்று கும்பகோணத்திலிருந்து ஒரு பஸ் முதலாளி ஆர்டர் கொடுக்க வந்தார். உங்கள் கூட்டத்தைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். சாப்பாடு நன்றாக இருந்ததாம். அதோடு கேரவன் கதையையும் முழுசாகக் கேட்டிருக்கிறார். என்னிடம் வந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

அது போகட்டும். என் வீட்டுக்காரியை எப்படி வசியம் செய்தீர்கள்? காலையில் மோர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வந்தவள், மத்தியானம் வரை உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். நான் கூப்பிட்டால், "பேசிக்கிட்டிருக்கோம்ல" என்கிறாள்.

என்ன செய்தால் போவீர்கள்? எழுதி அனுப்புங்கள்.

அமிர்தலிங்கம்


வாசல்,
அதே நாள்

ஐயா,

ஒன்றே ஒன்றுதான். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் இந்த வண்டியில் ஒரு முழு நாள் பயணம் போக வேண்டும். புகழேந்தி ஓட்டுவான். எங்கே என்பதை வீட்டம்மா சொல்லட்டும். புறப்படும்போதும் வழியிலும் இருவரும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சாலையோரம், இடப்பக்கம்தான் வண்டி நிற்கும். மழை வந்தால் நீங்கள் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும்.

திரும்பி வந்து, "வண்டியில் குறை இல்லை" என்று சொன்னால், அந்த நிமிஷமே அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுகிறோம். வழக்கு கிழக்கு ஒன்றும் கிடையாது.

உங்கள் வீட்டம்மா சரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். திருக்கடையூராம். உங்களுக்கு வரும் வருஷம் அறுபதாம் கல்யாணம் என்றும், மண்டபம் பார்த்து வர வேண்டும் என்றும் சொன்னார்.

எழில்மொழி


தஞ்சாவூர்,
17.11.2024

மரியாதைக்குரிய எழில்மொழிக்கு,

பயணம் போய் வந்தேன். நடந்ததை உங்கள் தம்பி சொல்லியிருப்பார். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுவது நல்லது.

புறப்படும்போது நான் இரண்டு டம்ளர் குடித்தேன். ஆனந்தவல்லி சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி போக வேண்டும். கும்பகோணம் வரை ராஜபோகம். கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பார்த்தியா, என் வேலை" என்று பெருமை அடித்தேன். அப்புறம் மழை பிடித்தது. முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. ஏதோ ஈரம் என்று துடைத்தேன். இரண்டாவது கண்ணில் விழுந்தது. நகர்ந்து படுத்தேன், காதில் விழுந்தது. கொக்கிக்கு நேர் கீழே படுத்திருக்கிறேன், வேறு என்ன ஆகும்?

மாயவரம் தாண்டி டீக்கடை ஓரம் வண்டி நின்றது. இடப்பக்கம். வீட்டுக்காரி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில், "என்னங்க!" என்று ஒரு சத்தம். தண்ணீர் திரும்பிவிட்டது. பதற்றத்தில் தாழ்ப்பாளை இழுத்திருக்கிறாள், அது பஸ் அவசர வழிக் கதவுக்கு நான் போடுகிற தாழ்ப்பாள். இறுகிக்கொண்டால் வெளியிலிருந்து தட்டித்தான் விடுவிக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் இடம் மாறி மாறித் தட்டி, ரொம்ப நேரம் கழித்துத்தான் திறந்தேன். அதற்குள் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் வண்டியைச் சுற்றிவிட்டார்கள். உங்கள் தம்பி நல்ல பிள்ளை, எல்லோரையும் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்தவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கரண்டைக்கால் வரை நனைந்த புடவையோடு நின்றுகொண்டு கேட்டாள்: "என் பேர்ல எத்தனை வண்டி ஓடுதுங்க? அதுல ஒண்ணுலயாவது நான் தண்ணி குடிச்சிட்டு ஏறியிருக்கேனா? எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?"

பழனிக்குக் கூப்பிட்டால், "மலை ஏற முடியாது" என்பாள். மகள் வீட்டுக்குக் கூப்பிட்டால், "இங்க வீட்டை யாரு பார்க்கிறது?" என்பாள். இவளுக்கு ஊர் சுற்றப் பிடிக்காது என்றுதான் இத்தனை நாள் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவிடம் வெற்றிலை போட்டுக்கொண்டு மத்தியானம் வரை அவள் பேசியது இதைத்தானாம். இருவருக்கும் ஒரே கதை. எனக்கு மட்டும் தெரியவில்லை.

"உங்கள் ஆட்கள்" என்று நான் எழுதியதையும் உங்கள் பதில் கடிதத்தில் அவளே படித்துவிட்டாள். என்ன கேட்டாள் என்பதை எழுதமாட்டேன். நான் எழுதியது அற்பமான வார்த்தை. மன்னித்துக்கொள்ள வேண்டும்.

கொக்கியை டீக்கடை வாசலிலேயே ஆனந்தவல்லி கழற்றச் சொன்னாள். "இவரு கையால போட்டது, இவரே கழட்டட்டும்" என்றாள். நான் மேலே ஏறிக் கழற்றினேன், மழையில். ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சையை முன்பக்க பம்பரில் கட்டிவிட்டாள். திருஷ்டிக்கு அங்கே இருந்தாலும் கண் தெரியுமாம்.

கக்கூஸை முழுசாகப் பிரித்து மறுபடி கட்டப்போகிறேன். தொட்டி இடப்பக்கம் போகும், பீடத்துக்கு நேர் கீழே. பீடத்தின் உயரம், கைப்பிடி, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அளவு வேண்டும். உங்கள் அம்மா ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்வாரா? தையல்காரர் அளவெடுக்கிற மாதிரிதான். ஆனந்தவல்லி கூட இருப்பாள். நான் தள்ளி நிற்கிறேன்.

அமிர்தலிங்கம்


பனையக்கோட்டகம்,
22 நவம்பர் 2024

அமிர்தலிங்கம் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். டீக்கடை கட்டம் வந்ததும், "அந்தப் பொம்பள பாவம்" என்று அழுதுவிட்டார். உங்கள் காதில் சொட்டிய கட்டத்தை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

ஆனால் அளவு கொடுக்க வர முடியாது என்கிறார். வெட்கம். ஒரு ஆம்பிளை கட்டுகிற கக்கூஸில் போய் உட்கார்ந்து காட்டுவதா என்று கேட்கிறார். நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன். ஒரு நர்ஸ் சொன்னால் ஊரே கேட்கும், பெற்ற தாய் கேட்பதில்லை. இனிமேல் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. வீட்டம்மா ஒரு வார்த்தை கூப்பிட்டால் வருவார் என்று நினைக்கிறேன்.

உங்கள் மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அம்மா என்ன செய்தார் என்று தெரியவில்லை. கேட்டால், "வண்டி வரட்டும், சொல்றேன்" என்கிறார்.

தை பிறக்க அதிக நாள் இல்லை ஐயா. மாலதி அம்மா போன் செய்தார். வேறு வண்டி பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களை நம்பித்தான் சொன்னேன்.

எழில்மொழி


தஞ்சாவூர்,
30.12.2024

எழில்மொழிக்கு,

வண்டி தயார்.

உங்கள் அம்மா வந்து போன பிறகு பட்டறையில் என் மரியாதை குறைந்துவிட்டது. மரத்தில் ஒரு பீடம் அடித்து வைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உசரம்" என்றார். குறைத்தேன். "இப்ப எந்திரிக்கப் புடிமானம் இல்ல" என்றார். கைப்பிடி வைத்தேன். "இடது கையில எனக்குப் பலம் இல்ல, வலது பக்கம் வைங்க" என்றார். அப்புறம் ஆனந்தவல்லி உட்கார்ந்து பார்த்தாள், அவளுக்கு இடது பக்கம் வேண்டுமாம். இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன். வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இப்ப சரியா இருக்கு" என்று உங்கள் அம்மா சொன்னபோது, முதல் பஸ் கட்டி ரோட்டில் இறக்கிய அன்றைக்குக்கூட எனக்கு அப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

சிமெண்டுத் தரையில் சோதித்துப் பார்க்கவில்லை. வெண்ணாற்றங்கரைக்கே கொண்டுபோய், சரிவில் இடப்பக்கம் ஒதுக்கி, சக்கரம் சேற்றில் புதைய நிறுத்தி, வாளி வாளியாக ஊற்றினோம். குளத்தங்கரை மாதிரிதான் ஊற்றினோம். தங்கு தடை இல்லை. கொக்கி இருந்த துளையைத் தகடு வைத்து அடைத்துவிட்டோம். மார்கழியில் எதிர்பாராத மழை ஒன்று வந்ததல்லவா, அன்று கட்டிலில் படுத்திருந்தேன். சொட்டுகிறதா என்று பார்க்கப் படுத்தவன் தூங்கிப்போனேன். தாழ்ப்பாள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள். ஒரு விரலில் விடும்.

கும்பகோணத்து பஸ் முதலாளி திரும்பி வந்தார். அவர் குடும்பத்துக்கும் இப்படி ஒரு கேரவன் வேண்டுமாம். கட்டலாம், ஆனால் காத்தாயி அம்மா உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அமிர்தலிங்கம்


பனையக்கோட்டகம்,
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில்மொழி எழுதுவது. இந்த முறை நானாகத்தான் அப்படி எழுதுகிறேன், உரிமையோடு ஏமாற்ற முயன்றால் மறுபடி வாசலில் அடுப்பு மூட்டுவேன்.

மாலதி அம்மா வீட்டுச் சவாரிக்கு முன்னால் நம் வண்டியை நாமே ஒரு முறை சோதித்துவிடலாம் என்று காணும் பொங்கலன்று எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். உங்கள் வீட்டம்மா வந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து என்ன சொன்னாரோ, என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

காலையில் அம்மா ஏறும்போது நான் தண்ணீரை எடுத்து நீட்டவில்லை. வற்புறுத்தக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வெளியே விளைந்து சாய்ந்த கதிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், தானே சொம்பை எடுத்தார், குடித்தார். மறுபடி மொண்டு குடித்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னடி பாக்குறீங்க? ஆளுக்கு ஒரு சொம்பு எடுங்க" என்றார். அவ்வளவுதான், சொம்பு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

தாராசுரத்தில் இறங்கிக் கோயிலை நிதானமாகச் சுற்றினார்கள். வழக்கமாக இந்தப் பெண்கள் எங்கே போனாலும், "போதும், வீட்டுக்குப் போவோம்" என்று அவசரப்படுவார்கள். அவசரம் எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று ஒருவர்கூட அவசரப்படவில்லை. மாயவரம் தாண்டியதும் அம்மா எழுந்தார். புகழேந்தி பிரேக்கில் கால் வைத்தான். "நீ பாட்டுக்கு ஓட்டுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்தார். உட்கார்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திருக்கடையூர் சன்னதித் தெருவில் வண்டி நின்றதும் ஒரே கூட்டம். யாரோ சினிமா நட்சத்திரம் வந்துவிட்டார் என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கதவு திறந்தது. சிவப்புச் சுங்குடிப் புடவையில் அம்மா இறங்கினார். ஒரு பையன், "யாருங்க இவங்க?" என்று கேட்டான். உங்கள் வீட்டம்மா படியில் நின்றபடி, "காத்தாயி அம்மா. தெரியாதா உனக்கு?" என்றார். அவனும் தெரிந்தது போலத் தலையாட்டிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான். அங்கேயே இரண்டு குடும்பம் மாசி மாதத்துக்கு வண்டி கேட்டுப் பதிந்துகொண்டது.

உங்கள் மன்னிப்பைப் பற்றி அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "அந்தத் தம்பி அறுபதாங் கல்யாணத்துக்கு நம்ம வண்டியிலதான் வரணும்னு சொல்லு" என்றார். அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வடிகால் நன்றாக இருக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது. தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது. ஆனாலும் புகார் இல்லாமல் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு குறை இருக்கிறது. தண்ணீர் போதவில்லை. குடிதண்ணீர்த் தொட்டி திருக்கடையூர் வருவதற்குள் காலி. ஆக்கூரில் நிறுத்திக் கேன் வாங்கி ஏற்றினோம். தரங்கம்பாடிக் கடற்கரையில் அதுவும் காலி. நீங்கள் கட்டும்போது இவர்கள் இவ்வளவு குடிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்கே தெரியாது.

அடுத்த வாரம் வண்டியை அனுப்புகிறேன், பெரிய தொட்டியாக மாற்றிக் கொடுங்கள். எவ்வளவு பெரியது வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவரு போடட்டும். குடிக்க நாங்க இருக்கோம்" என்றார்.

தங்கை எழில்மொழி